தேடல் ஆட்-ஆன் மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

புதிதாக ஒரு தேடல் ஆட்-ஆன் (தேடலுக்கு வசதி சேர்க்க பிரவுசரில் போடும் துணைக் கருவி, குரோமில் இதன் பெயர் 'எக்ஸ்டென்ஷன்') போட்டோம், ஓடவில்லை என்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் மாதக்கணக்கில் சேர்த்த பிளாக் லிஸ்ட், விதிகள், ஏபிஐ சாவி (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) எல்லாம் கூடவே போய்விடும். கோளாறு தேடுபொறியின் பக்கம் இருந்தால் எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

இந்தக் கருவிகளில் எப்போதும் மூன்று தரப்பு உண்டு. பிரவுசர் அனுமதி தர வேண்டும், ஆட்-ஆன் தன் வேலையைச் செய்ய வேண்டும், அந்தப் பக்கம் தேடுபொறி பழையபடியே பதில் தர வேண்டும். இதில் யார் பொறுப்பு என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிப்பது சுலபம்: ஆட்-ஆன் எதுவும் ஓடாத ஒரு பிரைவேட் விண்டோவில் அதே தேடலைக் கையால் செய்து பாருங்கள். அங்கேயும் பக்கம் வராவிட்டால் தேடுபொறிதான். அங்கே நன்றாக வந்தால், ஒரு புது ப்ரொஃபைலில் (தனி செட்டிங்ஸ், தனி ஆட்-ஆன்களோடு ஓடும் பிரவுசர் கணக்கு) அந்த ஒரே ஆட்-ஆனை மட்டும் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் உங்கள் பழைய ப்ரொஃபைலில் வேறு ஏதோ முட்டுகிறது, ஓடாவிட்டால் ஆட்-ஆனே கோளாறு. ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட்:ப்ரொஃபைல்ஸ்' என்று அடித்தால் புது ப்ரொஃபைல் கிடைக்கும், குரோமில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் கிடைக்கும்.

சொல்லப்போனால் சோதனை ஆட்-ஆன்களுக்கு என்றே ஒரு தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு ஆட்-ஆன் அனுமதி கேட்டால் அதில் உங்கள் வங்கிப் பக்கமும் சேர்த்திதான். வங்கிக்கு லாகின் செய்யாத ப்ரொஃபைலில் அந்தக் கவலை குறைவு.

ஐகான் இருக்கிறது, தேடல் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை

பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. குரோமில் ஆட்-ஆனின் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய் 'சைட் ஆக்சஸ்' என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆன் கிளிக்' என்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஐகானைத் தட்டினால்தான் அது எழுந்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் மேனிஃபெஸ்ட் வி3 (ஆட்-ஆன் எழுதும் விதிமுறையின் புதிய பதிப்பு) வகை ஆட்-ஆன்களுக்குத் தள அனுமதி தானாக வராமல் இருந்தது, 127-ஆம் பதிப்பிலிருந்துதான் இன்ஸ்டால் செய்யும்போதே கேட்டு வாங்குகிறது. அதற்கு முன்பு போட்ட ஆட்-ஆன் என்றால் 'பர்மிஷன்ஸ்' டேபில் சுவிட்ச் அணைந்தே கிடக்கலாம்.

பிரைவேட் விண்டோவில் மட்டும் ஓடவில்லை என்றால் அது கோளாறே இல்லை. குரோமில் 'அலவ் இன் இன்காக்னிட்டோ', ஃபயர்ஃபாக்ஸில் 'ரன் இன் பிரைவேட் விண்டோஸ்', இரண்டையும் நாமாகத்தான் போட வேண்டும்.

இன்னொரு அற்பக் காரணம்: குரோமில் ஆட்-ஆன் போடுவதற்கு முன்பே திறந்திருந்த டேபில் அது நுழையாது. பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். அதே மாதிரி, பழைய ஆட்-ஆன் சில டாட் காம் முகவரியை மட்டுமோ நாட்டு முகவரியை மட்டுமோ எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும். நாட்டு முகவரிகளை எல்லாம் டாட் காமுக்குத் திருப்பப்போவதாகக் கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்தது, அதனால் டாட் கோ டாட் இன்னை மட்டும் நம்பி எழுதியது எதுவும் இப்போது பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

டாம்பர்மங்கி மாதிரி ஒரு ஆட்-ஆனில் யூசர் ஸ்கிரிப்ட் (பக்கத்தை மாற்றும் சின்ன நிரல்) போட்டிருக்கிறீர்கள், பட்டியலில் ஸ்கிரிப்ட் தெரிகிறது, பக்கத்தில் ஓடவில்லை. குரோம் 138 முதல் அந்த ஆட்-ஆனின் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'அலவ் யூசர் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனி சுவிட்ச் வந்திருக்கிறது, அதற்கு முந்தைய பதிப்புகளில் 'டெவலப்பர் மோட்' போட வேண்டும். இது தெரியாமல் ஸ்கிரிப்ட் எழுதியவரைத் திட்டித் தீர்த்தவர்கள் நிறையப் பேர்.

நேற்று வரை ஓடியது, இன்று இல்லை

இதுதான் பெரிய அத்தியாயம். நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் பெரும்பாலும் தேடுபொறியோ பிரவுசரோதான் மாறியிருக்கும்.

தேடுபொறி மாறியதா என்று முதலில் பாருங்கள். முடிவுப் பக்கத்தைத் திருத்தும் ஆட்-ஆன் எல்லாம் அந்தப் பக்கத்தின் உள்கட்டமைப்பை நம்பி இருக்கின்றன. இந்தப் பெட்டிக்கு இந்தப் பெயர், அதற்குள் இந்த லிங்க் என்று கணக்குப் போட்டு எழுதியிருப்பார்கள். கூகுள் அந்தப் பெயர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றும். ஆட்-ஆன் பெட்டியைத் தேடும், கிடைக்காது, சத்தமில்லாமல் நின்றுவிடும். பிழைச் செய்திகூட வராது. இதை உறுதி செய்ய, ஒரே ஆட்-ஆன் டக்டக்கோவிலோ பிரேவ் சர்ச்சிலோ ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே ஓடி, கூகுளில் மட்டும் படுத்துவிட்டால் விஷயம் இதுதான், ஆட்-ஆன் எழுதியவர் புதுப் பதிப்பு விடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இது போக, கதவையே இழுத்து மூடிய சம்பவங்களும் உண்டு. 2025 ஜனவரியில் கூகுள் தேடலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம் என்று ஆனது, எழுத்து மட்டும் காட்டும் டெர்மினல் பிரவுசரில் தேடியவர்களும் பக்கத்தை அப்படியே இழுத்துப் படிக்கும் சின்னக் கருவிகளும் அன்றோடு காலி. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் மைக்ரோசாஃப்ட் தன் பிங் சர்ச் ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் பிங் முடிவுகளைக் கேட்டு வாங்கும் வழி) நிறுத்தியது, அதை முதுகெலும்பாக வைத்திருந்த சோதனைத் தேடல் கருவிகள் அத்தனையும் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. செப்டம்பரில், ஒரே பக்கத்தில் 100 முடிவு கேட்க முகவரியில் சேர்க்கும் பழைய 'நம்=100' கூகுளில் வேலை செய்யாமல் போனது. 'பக்கத்துக்கு நூறு முடிவு' என்று விளம்பரம் செய்யும் ஆட்-ஆன் உங்களிடம் இருந்து பத்துதான் காட்டுகிறது என்றால் செட்டிங்ஸைக் கிண்டி நேரம் வீணாக்காதீர்கள். கிண்ட அங்கே ஒன்றும் இல்லை.

அப்புறம் பிரவுசர். குரோமில் 'இந்த எக்ஸ்டென்ஷன் இனி ஆதரிக்கப்படாது' என்று சாம்பல் நிறத்தில் கிடந்தால் அது மேனிஃபெஸ்ட் வி2, அதாவது பழைய விதிமுறை விவகாரம். 2024 நடுவில் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்து, படிப்படியாக அணைத்து, நிறுவனக் கொள்கை மூலம் வி2-வை ஓட்ட வழி இருந்த கடைசிப் பதிப்பு 2025-இல் வந்த 138. அதற்கு மேல் திரும்ப வழி கிடையாது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானுக்குப் பதில் அதே ஆசிரியரின் லைட் பதிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுவதுதான் என் யோசனை, அங்கே வி2 இன்னும் ஓடுகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் ஒன்றிரண்டு அல்ல, எல்லா ஆட்-ஆனும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால், ஆட்-ஆன் அசல்தானா என்று பிரவுசர் சரிபார்க்கும் டிஜிட்டல் சான்றிதழை நினையுங்கள். 2019 மே 4-இல் ஆட்-ஆன் கையொப்பச் சங்கிலியில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஆட்-ஆன்கள் அணைந்தன, அன்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாதான் அவசரமாகச் சரிசெய்தது. 2025 மார்ச் 14-இல் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது கதை வேறு: 128-க்கு முந்தைய பதிப்புகளும், நீண்ட ஆதரவு (ஈஎஸ்ஆர்) வகையில் 115.13-க்கு முந்தையவையும் மட்டும்தான் மாட்டின. 'அப்டேட் செய்தால் ஏதாவது உடைந்துவிடும்' என்று பழசையே பிடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் கணினிகள்தான் இதில் அதிகம் அடிபடக்கூடியவை. தீர்வு ஒன்றே, பிரவுசரை அப்டேட் செய்வது. நெட்டில் உலவும் 'கையொப்பச் சோதனையை அணைத்துவிடு' என்கிற குறுக்குவழி சாதாரண ஃபயர்ஃபாக்ஸில் எடுபடாது, நைட்லி, டெவலப்பர் எடிஷன், ஈஎஸ்ஆர் இவற்றில்தான் அது வேலை செய்யும்.

முதல் கிளிக்கில் ஒன்றும் வராது, இரண்டாவது கிளிக்கில் வரும்

குரோமின் வி3 ஆட்-ஆன்களில் வழக்கமான நோய். பின்னணியில் ஓடும் பகுதி 30 விநாடி சும்மா இருந்தால் குரோம் அதைத் தூங்க வைத்துவிடும். நினைவில் வைத்திருந்த விஷயத்தை எங்கேயும் எழுதி வைக்காத ஆட்-ஆன், எழுந்ததும் எல்லாவற்றையும் மறந்திருக்கும். எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், நீங்கள் தேர்ந்தெடுத்த தேடுபொறி பழையதுக்கே போய்விடும். பயனராக நாம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவரிடம் 'அரை நிமிடம் விட்டுத் தட்டினால் இப்படி ஆகிறது' என்று சொன்னால் அவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

'வழக்கத்துக்கு மாறான டிராஃபிக்' என்கிறது, கேப்சா ஓயவில்லை

இரண்டு வகை. ஒன்று, நீங்களே காரணம்: முடிவுகளை முன்கூட்டியே திறந்து பார்க்கும் ஆட்-ஆன், ஒரே கேள்வியை ஐந்து தேடுபொறிக்கு அனுப்பும் ஆட்-ஆன், பக்கம் பக்கமாகத் தானாக ஓட்டும் ஆட்-ஆன், இவை மூன்றும் சேர்ந்தால் தேடுபொறிக்கு நீங்கள் மனிதராகத் தெரிய மாட்டீர்கள். எஃப்12 தட்டி 'நெட்வொர்க்' டேபைத் திறந்து ஒரே ஒரு தேடல் செய்யுங்கள். வரிசையில் 429 என்ற எண் தென்பட்டால் 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய்' என்று பொருள், 403 என்றால் 'உனக்கு அனுமதி இல்லை'. எந்த ஆட்-ஆன் அந்தக் கோரிக்கையை அனுப்பியது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் ஐபி முகவரி. மொபைல் டேட்டாவிலும் விபிஎன்னிலும் ஏராளமானோர் ஒரே வெளி முகவரியைப் பகிர்கிறார்கள், யாரோ செய்ததற்கு நீங்கள் கேப்சா தீர்க்கிறீர்கள். விபிஎன்னை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ரீலோட் செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம், தடை நீளுமே தவிர விலகாது.

சொந்தமாக ஓட்டும் சர்க்ஸ்என்ஜி முரண்டு பிடிக்கிறது

பல தேடுபொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சேர்த்துத் தரும் இந்தக் கருவி, 2021-இல் பழைய சர்க்ஸிலிருந்து பிரிந்து வந்தது. டாக்கரில் (மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) போட்டு 8080 போர்ட்டில் ஓட்டுவது வழக்கம். இதில் அடிக்கடி மாட்டுகிற இடங்கள் சில.

கன்டெய்னர் எழுந்த உடனே விழுகிறது என்றால் லாகைப் படியுங்கள். செட்டிங்ஸ் கோப்பில் 'சீக்ரெட் கீ' என்ற இடத்தில் கூடவே வந்த மாதிரிச் சொல்லை மாற்றாமல் விட்டிருந்தால் அது எழ மறுக்கும். நீளமான ஏதாவது ஒரு எழுத்துக் குவியலைப் போடுங்கள்.

பிரவுசரில் நன்றாக ஓடுகிறது, ஆனால் உங்கள் ஸ்கிரிப்டோ, ஏஐ உதவியாளரோ ஜேசன் வடிவத்தில் (நிரல்கள் படிக்கும் தரவு வடிவம்) கேட்டால் 403 வருகிறது. இது தடை அல்ல, இயல்புநிலையில் எச்டிஎம்எல் மட்டும்தான் திறந்திருக்கும். 'சர்ச்' பகுதியின் கீழ் உள்ள 'ஃபார்மட்ஸ்' பட்டியலில் ஜேசனையும் ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி துவக்குங்கள். தன் கணினியிலேயே ஏஐ மொழி மாதிரி ஓட்டி அதற்குத் தேடல் வசதி தர நினைப்பவர்கள் முதலில் முட்டுவது இந்தச் சுவரில்தான்.

முடிவுகள் வருகின்றன, ஆனால் ஓரத்தில் 'சஸ்பெண்டட்' என்று ஒரு தேடுபொறியின் பெயர் சிவப்பாக நிற்கிறது. அந்தத் தேடுபொறி 429-ஓ கேப்சாவோ கொடுத்திருக்கிறது, சர்க்ஸ்என்ஜியே அதைச் சற்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அதிகக் கோரிக்கை என்றால் இயல்பாக ஒரு மணி நேரம், கேப்சா என்றால் ஒரு நாள். சும்மா விட்டுவிடுங்கள். வாடகை கிளவுட் சர்வரில் ஓட்டினால் இது தீராத தொல்லை, ஏனென்றால் டேட்டா சென்டர் முகவரியிலிருந்து வரும் தேடலைத் தேடுபொறிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே இதற்கு மேல். 'டைம்அவுட்' என்று வந்தால் மட்டும் விஷயம் வேறு: இயல்பாக மூன்று விநாடிதான் காத்திருக்கும், மெதுவான இணைப்பில் அதை ஐந்தாக்கிப் பாருங்கள்.

பேக் பட்டனை அழுத்தினால் 'டாக்குமென்ட் எக்ஸ்பயர்ட்' என்று வருகிறதா? தேடல் போஸ்ட் முறையில் போகிறது. 'பிரிஃபரன்சஸ்' பக்கத்தில் கெட் என்று மாற்றுங்கள். போஸ்ட்டில் நீங்கள் தேடிய சொல் முகவரியிலும் பிரவுசர் வரலாற்றிலும் பதியாது என்ற லாபம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்தே மாற்றுங்கள்.

முகவரிப் பட்டியில் அடித்தால் வேறு எங்கோ போகிறது

சாதுவான காரணங்களை முதலில் பார்ப்போம். குரோமில் நீங்கள் சேர்த்ததாக நினைத்த தேடுபொறி 'இன்ஆக்டிவ் ஷார்ட்கட்ஸ்' பட்டியலில் தூங்கிக்கொண்டிருக்கும், 'ஆக்டிவேட்' தட்ட வேண்டும். கையால் சேர்க்கும்போது தேடுசொல் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டிச் சின்ன 'எஸ்' எழுத்தும் இருக்க வேண்டும். பெரிய எழுத்தாகப் போட்டால் அந்த எழுத்தையே தேடிக்கொண்டு வரும். ஃபயர்ஃபாக்ஸில் 140-ஆம் பதிப்பு முதல் தளத்தின் தேடல் பெட்டியில் வலது கிளிக் செய்தே சேர்க்கலாம். லினக்ஸ் குரோமில் ஒரு ஆட்-ஆன் 'உங்கள் முதன்மைத் தேடலை மாற்றுகிறேன்' என்று சொல்லிவிட்டு மாற்றாமல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அந்த வசதியை குரோம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான் தந்திருக்கிறது.

சாதுவல்லாத காரணம்: யாரோ உங்கள் பிரவுசரைப் பிடித்துவிட்டார்கள். நீங்கள் மாற்றிய தேடுபொறி அடுத்த நாள் பழைய வேண்டாத தளத்துக்கே திரும்புகிறது, தேடல் ஒரு விநாடி வேறு முகவரி வழியாகப் போய்ச் சுற்றி வருகிறது, வீட்டுக் கணினியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று மெனுவின் அடியில் வருகிறது. கடைசியில் சொன்னது முக்கியம். 'குரோம்://பாலிசி' பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் அங்கே கொள்கை எழுதி வைக்கும் என்பதால் உடனே பதற வேண்டாம், ஆனால் தேடுபொறியையோ கட்டாய எக்ஸ்டென்ஷனையோ பற்றிய வரி இருந்தால் அது வேண்டாத விருந்தாளிதான். அதை பிரவுசருக்குள் இருந்து நீக்க முடியாது. விண்டோஸில் சந்தேகமான மென்பொருளை நீக்கி, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) குரோம் கொள்கைகள் இருக்கும் கிளையையும் சுத்தம் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை உட்கார வைத்துச் செய்யுங்கள். ஆபீஸ் கணினியில் இதே வரி வந்தால் தொடவே தொடாதீர்கள், அது உங்கள் ஐடி ஆட்கள் வைத்தது.

நல்ல ஆட்-ஆன் கெட்டுப் போவதும் உண்டு. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-இல் கை மாறியது, 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று சொல்லி கூகுளே அதை எல்லோருடைய பிரவுசரிலும் அணைத்தது. ஆகவே பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்-ஆன் திடீரென்று புது அனுமதி கேட்டால், 'அக்செப்ட்' தட்டும் முன் யார் கையில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஏஐ பதிலை மறைக்கும் தந்திரம் போட்டும் அது வருகிறது

கூகுள் முகவரியின் முடிவில் 'யூடிஎம்=14' சேர்த்தால் 2024 மே மாதம் வந்த 'வெப்' வடிகட்டி கிடைக்கும், வெறும் லிங்க் மட்டும். இதைச் சேர்க்கும் ஆட்-ஆன் ஓடவில்லை என்றால், ஆட்-ஆனே தேவையில்லை. முந்தைய பகுதியில் சொன்ன மாதிரி ஒரு தனித் தேடுபொறியாகச் சேர்த்து முதன்மையாக்குங்கள். முகவரியில் கேள்விப் பகுதிக்கும் இதற்கும் நடுவே 'அண்ட்' (&) குறி விட்டுப்போனால் வேலை செய்யாது, பெரும்பாலும் அதுதான் தவறு. முடிவுப் பக்கத்தில் 'ஆல்' டேபைத் தட்டினாலும் வடிகட்டி கழன்றுவிடும்.

ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழில் தேடினால் சொதப்புகிறது

இதை எந்த உதவிப் பக்கமும் சொல்லாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேடுசொல் கேள்விக்குறிகளாகவோ கிறுக்கலாகவோ மாறினால், அந்தத் தேடுபொறியைச் சேர்த்த விதத்தில் எழுத்துக் குறியாக்கம் தமிழைத் தாங்கும் யூடிஎஃப்-8 அல்ல. பழைய நூலகத் தளங்களிலும் அகராதித் தளங்களிலும் இன்னும் இது உண்டு. சேர்த்ததை அழித்து, குறியாக்கம் குறிப்பிடாமல் கையால் சேர்த்துப் பாருங்கள். தளமே பழைய குறியாக்கத்தில் ஓடினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

தேடிய சொல்லை மஞ்சளில் காட்டும் ஆட்-ஆன் 'கொடி'யில் க-வையும் ட-வையும் மட்டும் தனித்தனியாகப் பிடிக்கிறதா? எழுதியவர் 'எழுத்து என்றால் என்ன' என்பதை ஆங்கிலத்துக்கு மட்டும் யோசித்திருக்கிறார். யூனிகோடு கணக்கில் க, ட இரண்டும் 'எழுத்து' வகை, கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும் 'குறி' வகை. எழுத்தை மட்டும் பொறுக்கு என்று விதி எழுதினால் நம் உயிர்மெய் எல்லாம் உடைந்து சிதறும். அதைவிடப் பழைய பாணியில் எழுதியிருந்தால் தமிழே கண்ணில் படாது, சொல் பூராவும் இடைவெளி மாதிரி தாண்டிப் போய்விடும். ஆட்-ஆன் திறமூலம் என்றால் 'குறி வகையையும் சேருங்கள்' என்று சொன்னால் போதும், ஒரு வரித் திருத்தம்.

இன்னும் நுட்பமான ஒன்று. 'ஒ' உயிர்மெய்க் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தட்டச்சு செய்யும்போது வழக்கமாக ஒன்றாக வரும், பழைய எழுத்துருக் கோப்புகளை அரைகுறைக் கன்வெர்ட்டரில் மாற்றிய பக்கங்களில் இரண்டாக இருக்கும். பெரிய தேடுபொறிகள் இதைச் சமாளிக்கின்றன. ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் நேரடியாக ஒப்பிடும் ஆட்-ஆனுக்கு இரண்டும் வேறு வேறு சொல். அதனால் 'தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் மறை' என்ற உங்கள் விதி சில பக்கங்களில் ஓடும், சிலவற்றில் ஓடாது. சோதிக்க வழி இருக்கிறது: அந்தப் பக்கத்திலிருந்து சொல்லைக் காப்பி செய்து தேடி, வந்த முகவரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், பைட் ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. 'கொடி' சரியாக இருந்தால் 36 எழுத்து நீளம், கொம்பும் காலும் பிரிந்திருந்தால் 45. அப்படிப் பிரிந்திருந்தால் விதியில் இரண்டு வடிவத்தையும் எழுதி வையுங்கள்.

பாமினி மாதிரி எழுத்துருவில் எழுதிய பழைய பக்கங்கள் எந்தத் தமிழ்த் தேடலிலும் சிக்காது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போடுகிறது. அவற்றைத் தேட வேண்டுமென்றால் சொல்லை அதே பாமினி விசைகளில் அடித்துத் தேடிப் பாருங்கள், சில சமயம் அதிசயமாக அகப்படும்.

சின்னத் தேடுபொறியில் ஒரு முடிவும் வரவில்லை

வராதுதான். மார்ஜினாலியா எழுத்து அதிகமுள்ள, பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களை முன்னிறுத்துகிறது. வைபி பழைய பாணித் தனிமனிதப் பக்கங்களின் சின்னத் திரட்டு. மோஜீக் தன் சொந்த அட்டவணையை வைத்திருக்கிறது, கூகுள் அளவு பெரியதல்ல. இங்கே முழு வாக்கியம் அடிக்காதீர்கள், இரண்டு மூன்று சொல் போதும். யாசி மட்டும் வேறு கதை: 8090 போர்ட்டில் உங்கள் கணினியிலேயே ஓடும் கூட்டுத் தேடல் அது, நிலைப் பக்கத்தில் 'ஜூனியர்' என்று காட்டினால் வெளியிலிருந்து யாரும் உங்களை எட்ட முடியவில்லை என்று பொருள். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்தால் 'சீனியர்' ஆகும்.

தடுத்த தளம் மறுபடி தலைகாட்டுகிறது

தேடல் முடிவில் வேண்டாத தளங்களை மறைக்கும் யூபிளாக்லிஸ்ட்டில் *://தளம்/* என்று எழுதினால் அந்தத் தளத்தின் கிளை முகவரிகள் தப்பிவிடும். *://*.தளம்/* என்ற அமைப்பில், பெயருக்கு முன் நட்சத்திரமும் புள்ளியும் வேண்டும். கூகுள் தவிர மற்ற தேடுபொறிகளில் அது ஓட, அதன் செட்டிங்ஸில் ஒவ்வொன்றையும் தனியாக இயக்க வேண்டும். தமிழிலேயே பெயர் உள்ள தளங்களைத் தமிழில் எழுதித் தடுத்தால் பிடிக்காது, பிரவுசர் உள்ளுக்குள் அவற்றை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வரிசையாகத்தான் வைத்திருக்கும், முகவரியைக் காப்பி செய்து ஒட்டினால் அந்த வரிசை கிடைக்கும். பிரேவ் சர்ச்சில் முடிவுகளை நம் விதிப்படி வரிசைப்படுத்தும் 'காகிள்ஸ்' வசதியில் விதிக் கோப்பை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கே திருத்தினால் மட்டும் போதாது, பிரேவ் தளத்தில் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தால் ஆட்-ஆன் காணவில்லை

ஃபயர்ஃபாக்ஸில் 'டெம்பரரி ஆட்-ஆன்' என்று ஏற்றியது பிரவுசரை மூடினால் போய்விடும், பெயரிலேயே இருக்கிறது. குரோமில் 'லோட் அன்பேக்ட்' மூலம் ஏற்றியது அந்த ஃபோல்டரை நம்பி இருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிற பழக்கம் இருந்தால் வேறு இடத்தில் வையுங்கள். போனில் குரோம் ஆண்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரிலிருந்து ஆட்-ஆன் கடை பரவலாகத் திறந்திருக்கிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஓடவில்லை

ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்திலிருந்து 'ட்ரபிள்ஷூட் மோட்'டில் துவக்கிப் பாருங்கள், ஆட்-ஆன் எல்லாம் தற்காலிகமாக அணையும், எதுவும் அழியாது. அதில் பக்கம் சரியாக வந்தால் ஆட்-ஆன்களில் பாதியை அணையுங்கள், கோளாறு போனால் அணைத்த பாதியில் ஆள் இருக்கிறார், போகாவிட்டால் மறு பாதியில். முப்பது ஆட்-ஆன் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஆள் அகப்படுவார். தேடல் பக்கத்தைத் திருத்தும் இரண்டு ஆட்-ஆன்கள் ஒன்றை ஒன்று முட்டுவதுதான் வழக்கமான விடை.

எழுதியவரிடம் புகார் சொல்லும்போது பிரவுசர் பதிப்பு, ஆட்-ஆன் பதிப்பு, எந்தத் தேடுபொறி, எஃப்12-இன் 'கன்சோல்' டேபில் வந்த சிவப்பு வரிகள், இந்த நான்கும் கொடுங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கத்திலேயே 'எர்ரர்ஸ்' பட்டன் தெரிந்தால் அதில் உள்ளதையும் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட் போடும் முன் முகவரிப் பட்டியை வெட்டிவிடுங்கள், நீங்கள் தேடிய சொல்லும் சில சமயம் ஏபிஐ சாவியும் அதில் அப்படியே இருக்கும். வெறும் 'கொடி' என்று தேடி அதே கோளாறை வரவழைத்து அதைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.